பினாங் மேரா சதுப்புக்காட்டுப் பிள்ளை

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். வாசலில் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பினாங் மேரா (சிவப்புத் தண்டுப் பனை) வைத்து ஒரு வருடம் ஆகிறது. புது ஓலை மஞ்சளாக வருகிறது, நுனி கருகுகிறது. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை அடுப்புச் சாம்பலும் போடுகிறேன். பக்கக்கன்றைப் பிரித்து வேறு சட்டியில் வைக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் அக்கறையாகத்தான் வளர்க்கிறீர்கள். ஆனால் இது மல்லிகைக்குச் செய்யும் பராமரிப்பு. பினாங் மேரா தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோவின் சதுப்புக் காடுகளில் பிறந்தது. அங்கே இலைதழை மக்கிய மண், தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும், புளிப்பும் அதிகம். வேர் என்றைக்கும் காயாது.

புது ஓலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புச் சத்து போதவில்லை. (அடி ஓலை முதலில் மஞ்சளானால் அது வேறு, பெரும்பாலும் பொட்டாசியம் அல்லது மெக்னீசியம் குறைவு.) மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சிமெண்டும் சாம்பலும் மண்ணின் புளிப்பைப் போக்கிக் காரமாக்கிவிடுவதால் வேரால் எடுக்க முடியாது. சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள். செம்பனைக் குலைச் சாம்பல் யாராவது கொடுத்தாலும் வேண்டாம், அது இன்னும் காரம். நுனி கருகுவது பெரும்பாலும் வேர் அடிக்கடி காய்வதால்தான்.

செடியை வேர்மண் உதிராமல் எடுத்துப் பெரிய பிளாஸ்டிக் சட்டிக்கு மாற்றுங்கள். தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு போதும். மேலே காய்ந்த இலையை நான்கு விரல் உயரம் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். மஞ்சள் ஓலைக்குச் செலேட் இரும்பை (வேர் எளிதில் எடுக்கும் இரும்பு உரம்) பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கரைத்து ஊற்றலாம். பழைய ஓலை மீண்டும் பச்சையாகாது. அடுத்து விரியும் ஓலையைப் பாருங்கள். இது மெதுவாக வளரும் செடி, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் விட்டால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டில் கொசு பெருகினால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. அதனால் தட்டை மணலால் நிரப்பி, மணல் ஈரமாக மட்டும் இருக்கும்படி விடுங்கள். மேலே தண்ணீர் தெரியக் கூடாது.

பக்கக்கன்றைப் பிரிக்காதீர்கள். நான் பிரித்த இரண்டு கன்றும் ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டன. இதன் வேர் வெட்டுப்பட்டால் எளிதில் தேறாது. இன்னொரு செடி வேண்டுமானால் நர்சரியில் வாங்குங்கள், காட்டிலிருந்து தோண்டியதை வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டோரம் ஈரமான, பாதி நிழல் விழும் இடம் இருந்தால் அங்கே புங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூச்செடி) வையுங்கள். அதுவும் நம் மண்ணின் செடிதான், லக்சாவுக்கு மொட்டு வாசலிலேயே கிடைக்கும்.