கொங்குப் பகுதியில் பெருங்கற்காலப் புதைகுழிகளைப் பார்க்க எங்கே போகலாம்? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய பெரிய கற்களை வைத்துக் கட்டிய காலம்தான் பெருங்கற்காலம். ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் கொடுமணல் போங்கள். சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், நொய்யலின் வடகரை. சங்க நூலான பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் எதையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். காட்டுக்குள் (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைத்தான் காடு என்போம்) வட்டமாகக் கிடக்கும் கற்கள்தான் முதலில் கண்ணில் படும். அதுதான் கல்வட்டம். அதற்குள், மண்ணுக்கடியில், பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறைக்குக் கற்பதுக்கை என்று பெயர். பலகையில் ஒரு துளை போட்டிருப்பார்கள், அது இடுதுளை. இதைப் பிள்ளைகளுக்கு முன்னாடியே படம் வரைந்து காட்டிவிடுங்கள், அங்கே போனதும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. ஒரே புதைகுழியில் 2,220 சூதுபவள மணிகள், அதாவது செந்நிறக் கல்மணிகள், கிடைத்தன! அந்தக் கல் நம் மண்ணில் கிடைப்பதல்ல, குஜராத் பக்கமிருந்து வந்தது என்று கணிக்கிறார்கள். வேலை பாதியில் நின்றுபோன மணிகள் குடியிருப்புப் பகுதியில் கிடைத்திருப்பதால், கல்லைத் தீட்டித் துளையிட்டதெல்லாம் இங்கேதான். இரும்பு உருக்கிய உலைகளும் இருந்திருக்கின்றன. இங்கே வாழ்ந்தவர்கள் பானைகளில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். கரூரிலிருந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குப் போன வணிகப் பெருவழியில் இருந்த தொழில் ஊர் இது. அதனால் புதைகுழிகளோடு திரும்பிவிடாதீர்கள். அவர்கள் வாழ்ந்த மேட்டையும் நடந்து பாருங்கள். வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் கொடுமணலின் பெருமை என்பேன்.

அப்புறம், தனியார் காடாக இருந்தால் "உள்ள போய்ப் பார்க்கலாமுங்களா" என்று காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தரையில் ஓடோ மணியோ கிடந்தால் எடுக்க வேண்டாம். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் சேதியே இருக்கிறது. சட்டைப்பைக்குள் போய்விட்டால் அது வெறும் கல். நிலத்தைச் சமப்படுத்துகிறோம் என்று கல்வட்டங்களை ஜேசிபி வைத்துப் பெயர்த்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. 2,000 வருசத்துக்கு மேல் தாங்கி நின்றது ஒரு மத்தியானத்தில் போய்விடுகிறது. பார்க்க நாலு பேர் வந்து போனால் அந்த ஊர்க்காரர்களுக்கும் அதைக் காப்பாற்றத் தோன்றும் என்று நம்புகிறேன்.

வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையத்துக்கும் ஒரு நடை. அங்கே நிற்கும் நெடுங்கல் சுமார் 30 அடி உயரம். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.