புதிய கால்பந்து கோச்சுக்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம்?

கேள்வி: குன்னூர் பக்கம் எங்கள் எஸ்டேட் கிளப்புக்கு செப்டம்பரில் புதுக் கோச் வந்தார். மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆறு ஆட்டத்தில் நாலு தோல்வி. கமிட்டியில் பாதிப் பேர் மாற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு காலம் பொறுப்பது நியாயம்?

பதில்:

மாதத்தை விடுங்கள், பிராக்டிஸை எண்ணுங்கள். வாரம் இரண்டு நாள், வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் 25 பிராக்டிஸ் வரும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மூன்றில் ஒரு பங்கு அதோடு போச்சு. சாயங்காலம் மிஸ்ட் இறங்கிவிட்டால் இந்தப் போஸ்டிலிருந்து அந்தப் போஸ்ட் தெரியாது, அன்றைக்கும் பாதி நேரம்தான். மிச்சம் 16 என்று வையுங்கள். அதில் முதல் பதினொருவரும் சேர்ந்து வந்த நாள் எத்தனை என்று வருகைப் பதிவைப் பாருங்கள், பாதி இருந்தாலே பெரிய விஷயம். ஐரோப்பாவில் ஒரு தொழில்முறை அணி, சீசன் தொடங்குமுன்பே ஐந்தாறு வாரம், வாரத்துக்கு ஐந்தாறு நாள் பயிற்சி எடுத்துவிடும். உங்கள் கோச்சுக்கு அந்த முன்தயாரிப்பே இன்னும் முடியவில்லை.

என் கணக்கு இது: முக்கால்வாசி அணியாவது வந்த 40 பிராக்டிஸ், 15 போட்டி ஆட்டம். அதுவரை ரிசல்ட்டை மட்டும் வைத்து ஆளை மாற்றாதீர்கள். உங்கள் வேகத்தில் அது இந்த சீசன் முழுவதும், அடுத்த சீசனின் முதல் மாதமும். இது சட்டமல்ல, என் மதிப்பீடுதான். வீரர்களைத் தேர்ந்தெடுத்தது அவரா, அவருக்கு முன்பிருந்தவரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய கோச் பதிவு செய்த ஆட்களோடு ஆடும் முதல் சீசனை முழுக்க இவர் தலையில் கட்ட முடியாது.

ஆனால் 40 பிராக்டிஸ் வரை கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். எல்லாம் ஒரே வேகத்தில் வராது. கார்னர், ஃப்ரீ கிக்கில் யார் யாரைப் பிடிப்பது என்பது ஐந்தாறு பிராக்டிஸில் 20 நிமிடம் ஒதுக்கினால் சரியாகிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்தும் கார்னரில் அதே இடத்திலிருந்து கோல் வாங்கினால் அது கோச்சின் குறை, சந்தேகமில்லை. பேக் லைன், அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் டிஃபென்டர் நாலு பேரும் சேர்ந்து ஏறி இறங்க 10, 12 பிராக்டிஸ் பிடிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பையன்கள் இருந்தால் இன்னும் கூடுதலாக. மலப்புரம் பாணி செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) ஆஃப்சைடு கிடையாது, அதில் வளர்ந்த டிஃபென்டருக்கு ஒரே வரிசையில் நின்று லைன் பிடிக்கும் பழக்கமே புதிது. கீழிருந்து பாஸ் போட்டு ஏறுவதும், மேலே போய் பிரஸ் பண்ணுவதும், அதாவது பந்து வைத்திருப்பவரை அவர் பக்கத்திலேயே நெருக்குவதும், கடைசியில்தான் வரும். மேடு பள்ளமான மைதானத்தில் இதை முதல் மாதமே ஆரம்பித்தால் கோல் வாங்காமல் என்ன செய்யும்? இப்படி வரிசை தலைகீழாகப் போயிருந்தால், மாற்றுவதற்கு முன் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

கோச் கோயம்புத்தூர் மாதிரி சமவெளி ஊரிலிருந்து வந்தவர் என்றால் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குன்னூர் அதற்குக் கொஞ்சம் கீழே. லாங் பால் நினைத்ததைவிடத் தள்ளி விழும். கீழே கொடுத்த அதே ஓட்டத்தை இங்கே கொடுத்தால், அவர் தன்னோடு கூட்டிவந்த பையன்கள் முதல் இரண்டு மூன்று வாரம் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவார்கள்.

ஆறு ஆட்டத்தின் ஸ்கோரை விட்டுவிட்டு, ஒரு ஆளை நோட்டோடு உட்காரவையுங்கள். பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து நாம் அடித்த ஷாட் எத்தனை, வாங்கியது எத்தனை. 60 நிமிடத்துக்குப் பிறகு வாங்கிய கோல் எத்தனை. வாங்கும் ஷாட் 12-லிருந்து 7-க்கு இறங்கியிருந்தால், தோற்றாலும் வேலை நடக்கிறது. நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்தபோது, தொடர்ந்து தோற்ற அணிகள் கோச்சை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் மீண்டன. தோல்வி வரிசையில் ஒரு பங்கு அதிர்ஷ்டக் குறைவு, அது தானாகவே திரும்பும். புதியவருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுப்பது பல நேரம் அதுதான்.

கமிட்டியில் யாராவது ஃபெர்குசனை இழுப்பார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கோச்சாக வந்தவருக்கு முதல் கோப்பை 1990-இல், லீக் பட்டம் 1993-இல். உண்மைதான், ஆனால் முதல் முழு சீசனிலேயே அணி இரண்டாமிடம் வந்தது, இளம் வீரர்களைத் தேடும் ஏற்பாட்டையும் மாற்றிக்கொண்டிருந்தார். நிர்வாகம் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. எதிர்த் தரப்பு ‘சென்னையின் எஃப்சி’ என்ற ஐஎஸ்எல் அணியைச் சொல்லலாம். 2019 டிசம்பரில் ஜான் கிரிகரி இடத்துக்கு ஓவன் கோய்ல் வந்தார், அட்டவணையின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போனது. அங்கே திறமையான வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், முழுநேரப் பயிற்சி வேறு. உங்களுக்கு இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. பிராக்டிஸுக்கு வரும் ஆள் எண்ணிக்கை மாதாமாதம் இறங்குவது. குளிரில் வார்ம்-அப் சரியில்லாமல் தொடைத் தசைப் பிடிப்பு ஒவ்வொருவராக வருவது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஃபார்மேஷன், அதாவது யார் எங்கே நிற்பது என்ற அமைப்பு, மாறுவது. முதல் இரண்டுக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் ஒரு மாத அவகாசமும் போதும். பையன்களை அடிப்பது, காசு விவகாரம் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே 40 கணக்கெல்லாம் கிடையாது.

மாற்றியே தீரவேண்டும் என்றால் இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் மாற்றாதீர்கள். லீக் இடைவேளை வரட்டும். வருபவர் கையில் முதல் ஆட்டத்துக்கு முன் பத்து பிராக்டிஸாவது இருக்கட்டும், அவருக்கும் 40, 15 என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.