காலநிலை மாற்றம் பற்றி வாதாடும்போது திறந்த மனதோடு இருப்பது எப்படி?

வீட்டில் ஒருவர் "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்கிறார், பேச ஆரம்பித்தால் சண்டையில் முடிகிறது, அவர் பேச்சை எதுவரை காது கொடுத்துக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் அந்த ஒருவர் என் பெரியப்பா. பதினைந்து வருடத்துக்கு மேலாக வாதாடுகிறோம். இரண்டு முறை அவரிடம் நன்றாகவே தோற்றிருக்கிறேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

பெரியப்பா மின்வாரியத்தில் துணை மின்நிலையங்களைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். மீட்டர் காட்டும் எண்ணை நம்புவார். அதை நோட்டில் எழுதினவனை நம்ப மாட்டார்.

முதல் தோல்வி 2010 ஜனவரியில். அதற்கு முந்தைய வருடம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில், "2035-க்குள் இமயமலைப் பனியாறுகள் இருக்காது, கங்கை வற்றிவிடும்" என்று முழங்கி இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும், பெரியப்பா போன் செய்தார். "பேப்பர் பாத்தியாடா? உன் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துடு."

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி, 2007 அறிக்கையில் வந்த அந்த 2035 தவறு என்று வருத்தம் தெரிவித்திருந்தது. அந்த எண் எந்த ஆய்விலிருந்தும் வரவில்லை. 1999-ல் ஒரு அறிவியல் இதழில் வந்த செய்தி, அதை எடுத்துப்போட்ட ஒரு சூழலியல் அமைப்பின் அறிக்கை, அங்கிருந்து ஐபிசிசி. வேறொரு பழைய கட்டுரையில் 2350 என்று இருந்தது, அதுதான் எண் இடம் மாறி 2035 ஆகிவிட்டதோ என்றும் பேச்சு அடிபட்டது. சில மாதங்களுக்கு முன்புதான் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வி.கே. ரெய்னாவின் கட்டுரை இமயமலைப் பனியாறுகளைப் பற்றிய பெரிய பீதிக்கு ஆதாரம் போதாது என்றிருந்தது. அதை ஐபிசிசி தலைவர் பச்சௌரி "மந்திர தந்திர அறிவியல்" என்கிற அர்த்தத்தில் கேலி செய்திருந்தார். அந்தக் கேலிதான் பெரியப்பாவுக்கு வெல்லக்கட்டி.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. நான் அந்த எண்ணை எங்கே எடுத்தேன் என்று யோசித்தால், யாரோ எழுதிய ஒரு பக்கக் கட்டுரை. பெரியப்பாவும் தன் மறுப்புகளை அப்படித்தான் எடுக்கிறார் என்று அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே கடையில்தான் சாமான் வாங்கியிருக்கிறோம்.

பிறகு நிதானமாகப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பிழையைத் தோண்டி எடுத்து எழுதியவர்களில் முன்னால் நின்றவர்கள், பனியாறுகள் உருகுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்த பனியாறு ஆய்வாளர்களேதான். கனடாவின் கிரஹாம் காக்லி அவர்களில் ஒருவர். 2035 போய்விட்டது, ஆனால் உருகுவது நிற்கவில்லை. காட்மாண்டுவில் இருக்கும் மலைவள மையம் 2019-ல் போட்ட கணக்கின்படி, உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டுக்குள் போய்விடும்.

இரண்டாவது தோல்விதான் உறைத்தது.

பெரியப்பா வீடு சென்னைப் புறநகரான முடிச்சூரில். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் பக்கத்துத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர், பீரோவின் கீழ் இரண்டு தட்டும் போச்சு. பொங்கலுக்குப் போனபோது சுவரில் பழுப்பாக ஒரு கோடு. வெள்ளை அடித்தபோதும் ஹாலில் ஒரு சுவரில் மட்டும் அதை அழிக்காமல் விட்டுவைத்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி நான் சொன்னேன்: "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் பெரியப்பா? ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து ஏழு சதவீதம் ஈரம் கூடுதலாப் பிடிக்கும். அவ்வளவும் உங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு."

"ஏரிக்கு வர்ற தண்ணிக்குக் குறுக்க நான் வீடு கட்டியிருக்கேன். அந்தத் தண்ணிக்கு வழி தெரியல, என் வீட்டுக்குள்ள வந்துச்சு. இதுக்கு எதுக்குடா வட துருவம் வரைக்கும் போற?"

ஒரு வருடம் கழித்து, 2016 டிசம்பரில், அந்த மழையைப் பற்றியே ஒரு ஆய்வு வந்தது. நெதர்லாந்தின் கேர்ட் யான் வான் ஓல்டன்பர்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியது. இந்த மாதிரி ஆய்வில் பழைய மழைப் பதிவுகளைப் பார்ப்பார்கள், கணினியில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்கள் கூடிய உலகம், கூடாத உலகம் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பார்கள், இப்படி ஒரு மழை பெய்யும் வாய்ப்பு இரண்டிலும் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடுவார்கள். சென்னை மழையில் புவி வெப்பமாதலின் கை எதுவும் தென்படவில்லை என்பது அவர்கள் முடிவு. பசிபிக் கடல் சில வருடத்துக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோ கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கிறது. காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் இதுவரை வெப்பமாதலின் விளைவை மறைத்து வைத்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம் அந்தப் பக்கத்தை மூடியது. மூன்று மாதம் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. திறந்த மனது பற்றிக் கேட்டீர்களே, என் மனது அன்றைக்கு இருந்த லட்சணம் அது. நான் சொன்ன ஏழு சதவீதக் கணக்கு சரிதான், பாடப்புத்தக இயற்பியல். அதிலிருந்து ஒரே தாவாக அந்த ஒரு நாள் மழைக்குப் போனதுதான் தப்பு. எங்கள் வாதத்தில் பாதி இப்படிப்பட்ட தாவலாகத்தான் இருந்திருக்கிறது, அவர் பக்கமும் என் பக்கமும்.

2017 மார்ச்சில் ஒருநாள் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்தபடி குதித்தார்: "அப்ப எல்லாம் டுபாக்கூர்னு அவனே ஒத்துக்கிட்டான்!" இல்லை என்றேன். ஒரு மழையில் கை தென்படவில்லை என்றால் ஒரு மழையில் தென்படவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்த ஆய்வுக்குப் பிறகுதான் இந்த ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. வான் ஓல்டன்பர்க் 2021-ல் இறந்துபோனார். அவர் சேர்ந்து தொடங்கிய குழு 2022-ல், அந்த மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வறுத்த வெயிலுக்கு வாய்ப்பு 30 மடங்கு கூடியிருக்கிறது என்றது. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஆமாம் போடுகிற ஆட்களாக இருந்தால் அந்த 30-ஐ நான் எடுத்துப் பேசியிருக்க மாட்டேன்.

அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. கிழித்துப்போட்ட பிப்ரவரி மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்தார் பெரியப்பா. "என்ன நடந்தா நீ வாயை மூடுவ? எழுது. நானும் எழுதறேன்." உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான யோசனை இந்தத் தாள்தான்.

எந்த அளவீட்டை வைத்துப் பார்ப்பது என்பதில் முதலில் தகராறு. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டரைச் சுற்றிக் கட்டடமும் ஏசியுமாக இருக்கிறது, அது சூடுதானே காட்டும் என்பது அவருடைய நெடுநாள் வாதம். நியாயமான சந்தேகம், இதைக் கேலி செய்யக் கூடாது. இதே சந்தேகத்தோடு கிளம்பியவர்தான் கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். 2010-ல் பெர்க்லி எர்த் என்று ஒரு குழு சேர்த்தார். நோபல் வாங்கிய சால் பெர்ல்மட்டர் அதில் இருந்தார். பெட்ரோலியத் தொழிலில் ஊறிய கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை முதலிலிருந்து கணக்குப் போட்டார்கள். நகரச் சூடு, மோசமான நிலையங்கள் என்று எல்லாவற்றையும் தனியே பிரித்துப் பார்த்தும் வந்த கோடு, மற்றவர்கள் ஏற்கெனவே வரைந்திருந்த அதே கோடு. 2012-ல் முல்லர், நான் மனம் மாறிய சந்தேகவாதி, காரணம் மனிதர்கள்தான் என்று பத்திரிகையில் எழுதினார். அதே கட்டுரையில், இமயமலைப் பனியாறுகள் 2035-ல் உருகிப் போகப் போவதில்லை என்பதையும் விடாமல் குத்திக் காட்டினார். அந்த வரியைப் படித்துக் காட்டியதும், பெர்க்லி எர்த் எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார்.

நான் எழுதியது: 2017 முதல் 2021 வரை ஐந்து வருடச் சராசரி, அதற்கு முந்தைய ஐந்து வருடத்தை விடக் குறைந்தால் இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். அவர் எழுதியது: 2016 எல் நினோ வருடம், அதனால் சூடு, பத்து வருடத்துக்குள் அதை ஒரு வருடம் தாண்டினால் "சூடாகுது" என்று ஒப்புக்கொள்கிறேன்.

எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயம் வந்த பிறகுதான் எது நடந்தால் நான் தோற்பேன் என்பதே எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் எது நடந்தாலும் என் பக்கம் சேர்த்துக்கொள்ள என்னால் முடிந்திருக்கும்.

தாளினால் இன்னொரு லாபம், கிளைக்குக் கிளை தாவ முடியாது. அன்டார்டிகாவில் துளைபோட்டு எடுத்த பழங்காலப் பனிக்கட்டியைப் பார்த்தால், பனியுகம் முடியும்போது முதலில் சூடு ஏறுகிறது, கார்பன் டை ஆக்சைடு சில நூறு வருடம் கழித்துத்தான் ஏறுகிறது என்று ஒருமுறை கொண்டுவந்தார். உண்மைதான். பூமியின் சுற்றுப்பாதை மாறுவதில் சூடு தொடங்குகிறது, சூடான கடல் வாயுவை வெளியே விடுகிறது, வாயு சூட்டை இன்னும் ஏற்றுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார்: "ஜெனரேட்டர் மாதிரி. மிச்சம் இருக்கற கொஞ்சக் காந்தம் கரண்டைக் கிளப்பும், கரண்ட் காந்தத்தை ஏத்தும், காந்தம் கரண்டை ஏத்தும்." இதை விட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. அன்றைக்கு அந்த விஷயம் முடிந்தது, மறுபடி அவர் எடுக்கவில்லை.

எதுவரை கேட்பது என்றால், எனக்குத் தோன்றுவது இது. கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடிக்குமா என்று இன்னமும் மனதைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. 1896-லேயே ஸ்வீடனின் அரீனியஸ் கையால் கணக்குப் போட்ட விஷயம். சூரியன்தான் காரணமோ என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். சூரியன் என்றால் மேல் வளிமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும், அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் கடைசியில் எத்தனை டிகிரி சூடு ஏறும் என்பது அப்படி இல்லை. 1979-ல் 1.5 முதல் 4.5 என்றார்கள், 2021-ல் ஐபிசிசி 2.5 முதல் 4 என்று சுருக்கியது, மேகங்கள் இன்னும் கண்ணாமூச்சி காட்டுகின்றன. நம் வடகிழக்குப் பருவமழை என்ன ஆகும் என்பதிலும் யாராவது அடித்துப் பேசினால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன், அவர் என் கட்சியாகவே இருந்தாலும்.

தாள் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 2017, 2018 இரண்டும் 2016-க்குக் கீழே வந்தன, இரண்டு முறையும் போன் வந்தது. என் ஐந்து வருடச் சராசரி தப்பித்தது. 2020 கிட்டே வந்து நின்றுவிட்டது. 2023 நல்ல இடைவெளியில் தாண்டியது, 2024 அதையும் தாண்டி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவை விட 1.6 டிகிரி மேலே போனது. "அதுவும் எல் நினோதானேடா" என்றார். எல் நினோவை எல் நினோவோடு வைத்துப் பாருங்கள் என்று 1998, 2016, 2024 மூன்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரி. சூடாகுது. அமெரிக்காக்காரன் வருஷத்துக்குத் தலைக்கு 14 டன் கார்பன் டை ஆக்சைடு விடறான், நம்மாளு ரெண்டு டன் சொச்சம். அதைக் குறைக்கற செலவை மட்டும் ஏன் சமமாப் பிரிக்கச் சொல்றான்?"

இத்தனை வருடம் அவருக்கு இருந்தது இந்தக் கோபம்தான் போலிருக்கிறது. நான்தான் தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சி என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தாளின் மிச்ச இடத்தில் அடுத்த பந்தயத்துக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று மடித்து பீரோவில் வைத்தார். மேல் தட்டில். 2015-க்குப் பிறகு அந்த வீட்டில் தாள் என்று எது இருந்தாலும் மேல் தட்டில்தான்.