ஓட்டு வீடு, திண்ணை, தாழ்வாரம்: கேள்வி பதில்

முற்றம் வைத்த வீடு. மழை பெய்தால் முற்றத்தின் நாலு மூலையிலும் ஒழுகுகிறது. மூன்று முறை சிமெண்ட் வைத்து அடைத்தாகிவிட்டது, பலனில்லை.

சிமெண்ட்தான் வினை. இரண்டு சரிவும் சேர்கிற கூடுவாயில்தான் கூரைத் தண்ணீர் நிறைய வந்து விழும். வெயிலில், கூடுவாயில் விரித்த உலோகத் தகடும் ஓடும் ஒரே அளவில் விரியாது. நடுவில் வைத்த சிமெண்ட் முதல் கோடையிலேயே மயிரிழை அளவு விரிசல் விடும். அதில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்திலேயே தங்கி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தை உளுக்க வைக்கும்.

கூடுவாயின் இருபுறமும் இரண்டடிக்கு ஓட்டைப் பிரியுங்கள். அடிப்பலகையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பலகையை மாற்றியே ஆகவேண்டும். மேலே இரண்டடி அகலத் தகடு. அதன் இரு ஓரத்தையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடித்துவிடுங்கள், பக்கவாட்டில் ஏறும் தண்ணீர் அங்கே நின்றுவிடும். கீழிருந்து மேலாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறவேண்டும். இருபுறமும் ஓடு தகட்டின்மேல் நாலு அங்குலமாவது படியட்டும். நடுவில் கைவிட்டுச் சருகு அள்ளும் அளவுக்கு இடம் இருக்கட்டும். ஆணியைத் தகட்டின் ஓரத்தில் மட்டும் அடியுங்கள், தண்ணீர் ஓடும் நடுவில் கூடாது. ஐப்பசிக்கு முன் ஒருமுறை சருகை அள்ளாவிட்டால் எந்தத் தகடும் காப்பாற்றாது.

நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு (மங்களூர் ஓடு) போடலாமா? ஒரு சரிவு 30 அடிக்கு 12 அடி. எத்தனை ஓடு வாங்குவது?

போடலாம், சரிவு போதுமானால். 10 அடி கிடைமட்டத்துக்கு 5 அடி ஏற்றம் இருக்கவேண்டும். அதைவிடத் தட்டையாக இருந்தால் காற்றோடு அடிக்கும் மழை ஓட்டின் பூட்டைத் தாண்டி உள்ளே வரும். இரண்டடுக்கு நாட்டு ஓட்டைச் சுமந்த கைமரம், உளுக்காமல் இருந்தால், இதைத் தாராளமாகத் தாங்கும்.

100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு. உங்கள் 360 சதுர அடிக்கு 540. உடைசலுக்குச் சேர்த்து 575 வாங்குங்கள். முகட்டு ஓடு தனிக் கணக்கு. ஓடு உட்காரும் மரச்சட்டமான ரீப்பரின் இடைவெளி பொதுவாகப் பன்னிரண்டரை அங்குலம் என்பார்கள், ஆனால் சூளைக்குச் சூளை மாறும். வந்த ஓட்டில் இரண்டைப் பூட்டி, இழுத்துப் பிடித்து அளந்த பிறகே ரீப்பர் அடியுங்கள். கூரையின் கீழ் ஓரமான இறவாணத்தில் கடைசி இரண்டு வரிசையை, ஓட்டின் அடிக்குமிழில் உள்ள துளை வழியே கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் பரவிய ரகம் இது. அதனால்தான் இன்னமும் மங்களூர் ஓடு என்கிறோம்.

திண்ணைச் சுவரில் மூன்றடிக்கு ஓதம். பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சும் எமல்ஷனும் அடித்திருப்பீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு பூச்சு வழியே காய்ந்துபோனது. இப்போது வழி அடைபட்டதால் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளுகிறது. ஈரத்துக்கு மேல் ஓரடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் செங்கல் தெரிய விடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3. மேலே வெறும் வெள்ளையடிப்பு. தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருந்தால், சுவரோரம் ஓரடி அகலத்துக்குத் தோண்டிச் சரளை கொட்டுங்கள், தண்ணீர் வெளியேற வாட்டமும் கொடுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லை ஆசிட் விட்டுக் கழுவினோம், வெளுத்துவிட்டது.

அது சுடாத சிமெண்ட் கல். ஆசிட் அதன் மேற்பரப்பைத் தின்றுவிட்டது. போன நிறம் திரும்பாது, அந்தக் கற்களை மாற்றத்தான் வேண்டும். மற்றவற்றுக்குத் தண்ணீரும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும்.

திண்ணை மரத்தூணின் அடி இற்றுவிட்டது. தூணையே மாற்றவேண்டுமா?

வேண்டாம். இருபுறமும் ஜாக்கி வைத்து உத்திரத்தைத் தாங்குங்கள். தூக்கவேண்டாம், பாரம் ஜாக்கிக்கு மாறினால் போதும். இற்றதற்கு மேலே நல்ல மரத்தில் அரை அடி சேர்த்து நேராக அறுத்து, அந்த உயரத்துக்குக் கருங்கல் பீடம் வையுங்கள். நடுவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்று, கல்லிலும் மரத்திலும் மும்மூன்று அங்குலம் இறங்கட்டும். தூணைச் சுற்றிச் சிமெண்ட் பூசினால் மறுபடி இற்றுப்போகும்.

புது வீட்டில், மேற்குப் பக்கத் தாழ்வாரம் எவ்வளவு அகலம் வைப்பது?

எட்டடி. நாலடி வைத்தால் அது குடைதான், உட்கார முடியாது. இறவாணம் எட்டடி உயரத்தில் இருந்தால், பங்குனியில் மூன்று மணி வரை சுவரில் வெயில் படாது. நாலு மணிக்குச் சுவரின் கீழ் மூன்றரை அடி சுடும். அதற்குத் தட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

பங்களா என்றால் மாடி வீடு இல்லையா?

இல்லை. வங்காளத்து வீட்டைக் குறித்த ‘பங்களா’தான் இந்தச் சொல், தாழ்வாரம் வைத்த ஒற்றைத் தள வீடு. மாடியை நாம்தான் ஏற்றிவிட்டோம்.