தஞ்சாவூருக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு தஞ்சாவூர் போகிறோம். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மதியமே கும்பகோணம் கிளம்பிவிடலாம், அரண்மனை பாழடைந்து கிடக்கிறது, அதில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கிளம்பாதீர்கள். கும்பகோணத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். செருப்பில்லாமல் நடக்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் அந்தக் கருங்கல் தரையில் மாமியாரும் பிள்ளைகளும் கால் வைக்க முடியாது. உள்ளே போகும்போது முதலில் மராட்டியர் வாயில், அடுத்து கேரளாந்தகன் திருவாயில், அதற்கப்புறம் ராஜராஜன் திருவாயில். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய நந்தி சோழர் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. ஆக, ஒரே வளாகத்துக்குள் மூன்று அரச வம்சங்களைக் கடந்துதான் 1010-இல் கட்டி முடித்த விமானத்தின் அடிக்கு வந்து நிற்கிறீர்கள்.

அங்கே அண்ணாந்து பார்த்ததும் திரும்பிவிடாமல் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள், அடித்தளம் முழுக்க எழுத்து. 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்கிறார் ராஜராஜன். அக்கன் என்பது குந்தவை. தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்காவையும் மற்றவர்களையும் சேர்த்துச் சொல்கிற அந்த வரியை, மாமியாரிடம் நின்று நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு கல்வெட்டில், சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்களின் (கோயில் பணிக்கான ஆடல் மகளிர்) பெயர்கள் இருக்கின்றன. எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. முதல் வீட்டுக்காரர் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு முகவரி இது! எனக்கு விமானத்தின் உயரத்தைவிட இதுதான் பெரிசு.

சரி, அரண்மனைக்கு வருவோம். மைசூர் அரண்மனை மாதிரி மினுமினுப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் புறா எச்சமும் கண்ணில் படத்தான் செய்யும். உங்கள் கணவர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் கலைக்கூடத்துக்குள் நுழைந்து சோழர் செப்புத் திருமேனிகள் முன்னால் ஒரு பத்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். நாயக்கர் காலத்தில் தொடங்கிய சேகரிப்பை இந்த அளவுக்கு வளர்த்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798-1832). ஆட்சி அதிகாரம் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய், கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டுமே மிஞ்சிய நிலையில், அந்த மனிதர் ஏட்டுச்சுவடி தேடினார், காசி யாத்திரை போன இடத்திலும் சுவடி சேர்த்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கண்ணின் படம் வரைந்து குறித்து வைத்த ஏடுகள் இங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு, மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்கள் பிடிக்கும். அரண்மனை வளாகத்தில் ஒரு திமிங்கில எலும்புக்கூடும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள், பிற்பாடு வீட்டில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். விடுமுறை நாளையும் நேரத்தையும் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உண்மையா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: விழும். காலையிலோ மாலையிலோ போனால் நீங்களே அந்த நிழலில் நிற்கலாம். ஏறத்தாழ 200 அடிக்கு மேல் கல்லை அடுக்கி ஆயிரம் ஆண்டு நிற்க வைத்தவர்களுக்கு இல்லாத ஒரு அதிசயத்தை ஏன் சேர்க்க வேண்டும்? பிள்ளைகளிடம் தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து என்ன வாங்கி வரலாம்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கை கொள்ளும் அளவுக்கு என்றால் தலையாட்டி பொம்மை. அடி கனமாக, உருண்டையாக இருப்பது வாங்குங்கள், எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்க வேண்டும், கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதாக இருந்தால் அவசரப்படாமல் இரண்டு மூன்று இடம் பார்த்து, தங்கத்தாள் ஒட்டியதா வெறும் பளபளப்புத் தாளா என்று கேட்டு வாங்குங்கள். வீணை வாங்காவிட்டாலும் அது செய்கிற பட்டறை ஒன்றுக்குப் போய் வாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளோடு (தந்தியை அழுத்தி வாசிக்கும் கட்டைகள்) வீணை இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பார்கள். பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அந்தச் சீவலின் மஞ்சள் நிறம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.