கேபிள்காரர் மேல் புகார்: கவுன்சிலரிடமா, கலெக்டரிடமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே ஒரு கேபிள் ஆபரேட்டர்தான். மாதம் 250 ரூபாய் வாங்குகிறார், ரசீது கொடுப்பதில்லை. பாதிச் சேனல் வருவதில்லை. கேட்டால், “இந்த ஏரியா என்னுது, பிடிக்கலேன்னா கழட்டிக்கோங்க” என்கிறார். ஊராட்சித் தலைவரிடம் சொன்னோம். பேசிப் பார்க்கிறேன் என்றவர் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். ஊராட்சிக்கு இதில் அதிகாரமே இல்லையா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தலைவரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கையில் அந்த அதிகாரம் இல்லை. கட்டணத்தையோ சேவையையோ கேள்வி கேட்கும் உரிமையை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் சட்டம் கொடுக்கவில்லை. கேபிள் தொழிலுக்கென்று இருப்பது 1995ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதில் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’ என்று மூன்று பேரைச் சொல்லியிருக்கிறார்கள்: மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர் (நம் ஊர் வழக்கில் ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர்), மாநகரங்களில் காவல் ஆணையர். பதிவு இல்லாமல் கேபிள் நடத்தினால் கருவிகளைப் பறிமுதல் செய்யக்கூட இவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அவருடைய பதிவு எண்ணைத்தான். பல ஆண்டுகளாக இந்தப் பதிவு தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி வருடாவருடம் புதுப்பிப்பதாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே செய்ய வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். கட்டணம் 5,000 ரூபாய், பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எண்ணைச் சொல்ல அவர் தயங்கினால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். “எங்கள் பகுதியில் கேபிள் நடத்துபவருக்குப் பதிவு உள்ளதா என விசாரித்துத் தெரிவிக்கவும்” என்று ஒரே வரி போதும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

“இந்த ஏரியா என்னுது” என்பதற்கு எந்தச் சட்டமும் துணை நிற்காது. தெருவை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் ஆபரேட்டர் ஒயர் இழுத்துவரத் தயார் என்றால் அவரிடம் வாங்கலாம், டி.டி.எச்.சுக்கும் போகலாம். மிரட்டல் வந்தால் அது கேபிள் விவகாரம் அல்ல, காவல் நிலைய விவகாரம்.

இனி ரசீது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் கோபம் வருவது இதில்தான். கையில் ஒரு நீள நோட்டு, அதில் வீட்டு எண், மாதவாரியாகக் கட்டம். பணம் வாங்கியதும் கட்டத்தில் ஒரு டிக். நம் கையில் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, கட்டிய பணத்தையே இரண்டாம் முறை கட்டினார். நோட்டில் டிக் விழாமல் போனதற்கு அவர் எந்தச் சாட்சியைக் காட்ட முடியும்? தொலைத்தொடர்பு, கேபிள் சேவைகளுக்கு விதி வகுக்கும் மத்திய ஆணையமான டிராயின் 2017 விதிமுறைப்படி பில், ரசீது, இணைப்பு வாங்கும்போது நிரப்பும் விண்ணப்பத்தின் ஒரு நகல் ஆகியவை உங்கள் உரிமை. கொடுக்கவில்லையா, அடுத்த மாதத்திலிருந்து ரொக்கமாகத் தராதீர்கள். ஜிபே, போன்பே எதுவானாலும் சரி, ‘மே மாத கேபிள்’ என்று குறிப்பு போட்டு அனுப்புங்கள். அதுவே ஆதாரமாகிவிடும்.

கேள்வி: 250 ரூபாய் நியாயமான தொகையா? 130 ரூபாய்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்தேன்.
– வாசகர், சேலம்

பதில்: அது பழைய கணக்கு. 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது, மாதாந்திர இணைப்புக் கட்டணம் 100 சேனலுக்கு 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று டிராய் வரம்பு வைத்தது. அடுத்து அதே பணத்துக்கு 200 சேனல் என்றார்கள். 2024 ஜூலையில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது கேபிள் நிறுவனமே தொகையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதன்மேல் நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டணச் சேனல்களின் விலை, அப்புறம் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இந்த மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல முடியாத 250, கேள்விக்குரிய 250தான். பேக்கேஜ்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனியாக வாங்கலாம்.

கேள்வி: அரசு கேபிள் பெட்டிக்கு எங்கள் ஆபரேட்டர் 800 ரூபாய் வாங்கினார். இப்போது வீடு மாறுகிறோம். பெட்டியைத் திருப்பிக் கொடு, பணம் வராது என்கிறார்.
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கியது, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி உயிர் பெற்றது. 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்த பிறகு செட்டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்டி நிறுவனத்துடையது. அதனால் பெட்டியைத் திருப்பிக் கேட்பது சரி, பெட்டிக்கு விலை என்று 800 வாங்கியது சரியில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் அரசு கேபிளுக்கென்றே ஒரு தனி வட்டாட்சியர் இருக்கிறார். பலருக்கு இது தெரியாது. அவரிடம் எழுத்தில் கொடுங்கள். போவதற்கு முன் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெட்டி வேறு யார் பெயரிலாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெட்டியை ஒப்படைக்கும்போதும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கேபிள் என்றால் கணக்கு வேறு. இணைப்பு கொடுக்க ஒரே ஒரு முறை அதிகபட்சம் 350 ரூபாய், செயல்படுத்த 100 ரூபாய் என்று இருந்த வரம்பையும் 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். பெட்டியைச் சொந்தமாக வாங்கினீர்களா, வாடகைக்கு எடுத்தீர்களா என்பது இணைப்பு வாங்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தின் நகலில் இருக்கும். அது இல்லாமல் இந்த வழக்கில் பேச முடியாது.

கேள்வி: எங்கள் தெருவில் கேபிள் ஒயர் கழுத்தளவுக்குத் தொங்குகிறது. என் மகன் சைக்கிளில் வரும்போது மாட்டி விழுந்தான். ஆபரேட்டர் போனை எடுப்பதில்லை.
– வாசகி, மதுரை

பதில்: பையன் நலம்தானே? உங்கள் கவுன்சிலரிடம் போக வேண்டிய விஷயம் இதுதான். கட்டணத்தில் அதிகாரம் இல்லாத உள்ளாட்சிக்குத் தெருவின் மேல் முழு அதிகாரம் உண்டு. சாலையோரம் ஒயர் கொண்டுபோக அனுமதி தர வேண்டியதும், அதற்குத் தட வாடகை வாங்குவதும், அனுமதியில்லாத ஒயரை அறுத்தெடுப்பதும் மாநகராட்சியின் வேலை. அளவு தெரிகிற மாதிரி ஓர் ஆளை நிறுத்தி ஒயரைப் போட்டோ எடுங்கள், மண்டல அலுவலகத்தில் கொடுங்கள், நகலைக் கவுன்சிலரிடமும் கொடுங்கள்.

கம்பம் யாருடையது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தெருவிளக்குக் கம்பமா, மின்வாரியக் கம்பமா? டீக்கடை வாசலில் பார்த்திருப்பீர்கள், கறுப்பு ஒயரை வளையம் வளையமாகச் சுற்றி ஈபி கம்பத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். மின்கம்பி அறுந்து அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. ஈபி கம்பம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987இல், அன்றைக்கே சொல்லுங்கள். நீங்களோ பிள்ளைகளோ அந்த ஒயரைத் தொட்டு நகர்த்த வேண்டாம்.

கேள்வி: நான்கு நாளாகச் சிக்னல் இல்லை. டிராய்க்கு மெயில் போட்டேன், பதில் இல்லை.
– வாசகர், கோவை

பதில்: டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை, விதி வகுப்பதோடு சரி. உங்கள் ஆபரேட்டருக்குச் சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசுங்கள். எண் தெரியாவிட்டால் 999ஆம் சேனலை வைத்துப் பாருங்கள், நுகர்வோருக்கான தகவலை அங்கே காட்ட வேண்டும் என்பது விதி. சிக்னலே இல்லாமல் இருக்கும்போது அதைப் பார்க்க முடியாது என்பதால், சிக்னல் இருக்கும் வீட்டில் போய்க் குறித்துக்கொண்டு வாருங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். சிக்னல் இல்லை என்ற புகாரை 24 மணி நேரத்திலும், பில் தகராறை 7 நாளிலும் தீர்க்க வேண்டும். ஆபரேட்டர் பையனிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன நான்கு நாள் கணக்கில் வராது, புகார் எண் விழுந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அலுவலர், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.