அமெரிக்காவில் மந்தநிலை வந்தால் என் மகளின் படிப்புப் பணம் என்ன ஆகும்?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். வயது 44. மூன்று ஆண்டுகளில் மகள் கல்லூரியில் சேர வேண்டும். அதற்காகச் சேர்த்த 12 லட்சம் ரூபாய் முழுவதும் பங்குசார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் இருக்கிறது. இந்தியா உள்நாட்டுத் தேவையாலேயே வளர்வதால், மேலை நாடுகளில் மந்தநிலை வந்தாலும் நமக்குப் பாதிப்பில்லை என்கிறார் நண்பர். பணத்தை அப்படியே விட்டுவைக்கலாமா?

பதில்: விட்டுவைக்க வேண்டாம். நண்பர் கூறுவது நாட்டின் உற்பத்திக்கு ஓரளவு பொருந்தும், பங்குச்சந்தைக்குப் பொருந்தாது. உங்கள் பணமோ சந்தையில்தான் இருக்கிறது.

வளர்ந்துவரும் நாடுகள் இனித் தனிப்பாதையில் செல்லும் என்று 2007-லும் பலர் நம்பினார்கள். 2009-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சுமார் 2.5 சதவீதம் சுருங்கியபோது, சீனா 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. இந்தியாவின் வளர்ச்சியும் குறைந்ததே தவிர நின்றுவிடவில்லை. வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி 9 சதவீதத்திலிருந்து ஆறே மாதங்களில் 4.75 சதவீதமாகக் குறைத்ததும் அதற்கு உதவியது. ஆனால், ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவுக்கே அனுப்பும் மெக்சிகோ, அமெரிக்காவைவிட அதிகமாகச் சுருங்கியது. யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தே பாதிப்பின் அளவு அமைகிறது.

இந்தியா வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியிருந்த மும்பை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. தங்கள் நாட்டில் பணமுடை ஏற்பட்ட வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் இங்கே விற்று எடுத்துச் சென்றதே இதற்கு முக்கியக் காரணம். ஆலையில் உற்பத்தி குறையப் பல மாதங்கள் ஆகும். பங்குகளை விற்க ஒரு நாள் போதும். 2013-இல் அமெரிக்காவில் மந்தநிலைகூட இல்லை. சந்தையில் பணத்தைப் புழங்கவிடச் செய்துவந்த கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பெர்னான்கி மே மாதத்தில் கூறிய பிறகு, 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது.

உங்கள் நிலையில் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய பையர்கள் ஆர்டரைக் குறைக்கும் காலமும் உங்கள் ஃபண்டு மதிப்பு சரியும் காலமும் ஒன்றாகவே வரக்கூடும். அப்போது சம்பளமும் சேமிப்பும் ஒரே காரணத்தால் அடிபடும். சென்செக்ஸ் மீண்டும் 21,000-ஐத் தொட்டது 2010 நவம்பரில்தான். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் அவ்வளவு காலம் காத்திருக்காது.

எனவே பாதித் தொகையை இப்போதே வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கும், மீதியை அடுத்த ஆறு மாதங்களில் தவணைகளாகக் குறுகியகாலக் கடன் ஃபண்டுக்கும் மாற்றுங்கள். ஏற்றுமதித் தொழிலில் இருப்பதால், குறைந்தது ஒன்பது மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்திருங்கள். ஓய்வுக்காலத்துக்கென எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் முதலீடு செய்யும் முறை) செலுத்தி வந்தால் அதை நிறுத்தாதீர்கள்; அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளை விற்கும்போது, தற்போதைய விதிப்படி ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. ஆகவே தவணைகளில் சில மார்ச்சுக்கு முன்பும் சில ஏப்ரலுக்குப் பிறகும் அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.